லேபிள் அடிக்கும் முன் பெயரைப் பதிந்துவிடுங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எனக்கு ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது. 22 வருடமாக லேபிள், ஸ்டிக்கர், பாக்கெட், அட்டைப்பெட்டி இவைதான் வேலை. கறித்தூள், முறுக்கு, ஊறுகாய், காப்பித்தூள், ஊதுபத்தி என்று நம் ஆட்கள் வீட்டிலும் சின்னப் பட்டறையிலும் செய்து விற்கும் பொருள்களுக்குப் பெயர் ஏறுவது என் மேசையில்தான்.

சில வருடங்களுக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும் ஓர் அக்கா, கையில் வக்கீல் நோட்டீஸுடன் வந்து நின்றார். 9 வருடமாக ஒரே பெயரில் கறித்தூள் விற்றவர். அந்தப் பெயர் கோலாலம்பூர் பக்கம் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, 14 நாளில் விற்பனையை நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் சொன்னது. அக்கா பையிலிருந்து எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) பத்திரத்தை எடுத்துக் காட்டினார். "நான்தான் கவர்மெண்டுல பதிஞ்சிருக்கேனே தம்பி, வருஷா வருஷம் பணம் கட்டுறேனே" என்றார்.

அவர் பதிந்தது கடையை. பெயரைப் பதியவே இல்லை.

சட்டத்தில் அவருக்கு வழி இல்லாமலும் இல்லை. பதிந்தவருக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவருக்கு மலேசியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அக்காவிடம் கடைசி 2 வருட பில்கள்தான் இருந்தன. அதோடு வக்கீல் செலவு, கோர்ட்டு அலைச்சல். காலேஜில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் அது முடியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டார். முந்தின மாதம் நான் அடித்துக் கொடுத்த 6,000 பாக்கெட்டை என் கட்டிங் மெஷினிலேயே வெட்டிப் போட்டோம். அன்றிலிருந்து புதுப் பெயரோடு யார் வந்தாலும், அச்சு பிளேட் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். தேடிப் பார்த்தீர்களா? விண்ணப்பம் போட்டீர்களா? இல்லை என்றால் உட்கார வைத்து என்ன சொல்கிறேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஸ்எஸ்எம் வேறு, டிரேட்மார்க் வேறு

எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பெயருக்கு வருடம் 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறோம். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30 வெள்ளி. அது வியாபாரம் செய்ய அனுமதி. சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், பதிந்தாலும் இதே கதைதான். அந்தப் பெயரைப் பாக்கெட்டில் போட்டு விற்கும் தனி உரிமை அதனால் வந்துவிடாது. டிரேட்மார்க் என்கிற வணிகச் சின்னத்தைப் பதிவது மைஐபிஓ, அதாவது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். இரண்டும் தனித்தனிப் பதிவேடு. எஸ்எஸ்எம் உங்கள் பெயரை ஏற்றுக்கொண்டதால் மைஐபிஓவில் அது காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், 815ஆவது சட்டம். 2019 டிசம்பர் 27 அன்று அமலுக்கு வந்து, 1976ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றியது. சொந்தக்காரர் பழைய காலத்தில் பதிந்த அனுபவத்தை வைத்துச் சொல்லும் யோசனையைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயர் நிற்கும்

வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இடறுவது இங்கேதான். "பினாங்கு ஸ்பெஷல் கறித்தூள்", "சுத்தமான மல்லி", "வீட்டு முறுக்கு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பொருள் என்ன, எப்படிப்பட்டது, எந்த ஊர் என்று மட்டும் சொல்கிற வார்த்தையை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. நாளைக்கு இன்னொருவர் நல்ல மல்லித்தூள் விற்றால் அவரும் அதே வார்த்தையைத்தானே சொல்ல வேண்டும்? பல வருடம் விற்று, அந்த வார்த்தையைச் சொன்னாலே உங்கள் பொருள்தான் என்று மக்கள் அறியும் நிலை வந்திருந்தால் அதை ஆதாரத்தோடு வாதாடலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வழி கிடையாது.

சாமி பெயர்கள் அடுத்த சிக்கல். முருகன், மீனாட்சி, லட்சுமி இல்லாத கடைத்தெரு எங்கே இருக்கிறது? பக்தியோடு வைக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். என் அச்சுக்கூடத்திலும் பிள்ளையார் படம்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அதே பெயரை ஏற்கெனவே பலர் வைத்திருப்பார்கள். பதிவு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் மற்றவர்களைத் தடுப்பது அதைவிடக் கடினம். பூசை அறையில் சாமி இருக்கட்டும், பாக்கெட்டுக்கு வேறு பெயர் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பொருளோடு சம்பந்தமே இல்லாத ஒரு நல்ல தமிழ்ச் சொல்தான் பலமாக நிற்கும். கறித்தூளுக்கு "ஊஞ்சல்", முறுக்குக்கு "தறி" என்பது மாதிரி. (இந்த இரண்டும் உதாரணத்துக்குச் சொன்னவை. எடுப்பதானால் இவற்றையும் தேடிப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.) இரண்டு மூன்று சொற்களை ஒட்டி நீங்களே உண்டாக்கிய சொல் இன்னும் நல்லது.

படத்துக்கும் ஒரு வார்த்தை. கேன்வாவில் கிடைக்கும் மயிலையும் தாமரையையும் எடுத்து லோகோ செய்து வருகிறார்கள். அதே மயில், அதே கோணம், மூன்று வாடிக்கையாளர்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. எல்லோரும் எடுக்கக்கூடிய படத்தை என்னுடையது என்று எப்படிச் சொல்வது? வரைகிறவரைப் பிடித்து வரையச் சொல்லுங்கள். மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, சொன்னவருக்கே போகும். அப்படியிருந்தும் இந்தப் படத்தின் உரிமை இன்னாருக்கு என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதுதான் நிம்மதி.

தேடுவது எப்படி

மைஐபிஓவின் ஐபி ஆன்லைன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆசியான் டிஎம்வியூவில் தேடினால் அக்கம்பக்கத்து நாடுகளின் பதிவுகளும் கிடைக்கும். ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ நடத்தும் உலக பிராண்ட் தரவுத்தளம் என்று ஒன்றும் இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இல்லை என்று பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதிகாரி பார்ப்பது பார்வைக்கு, காதுக்கு, அர்த்தத்துக்கு ஒத்துப்போகிறதா என்று. நமக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. ஒரு தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுத ஐந்து வழி இருக்கும். ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், நெடிலை ஒருவர் இரட்டிப்பார், ஒருவர் விட்டுவிடுவார். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். அதன் மலாய், ஆங்கில அர்த்தத்திலும் தேடுங்கள். அப்புறம் பதிவேட்டில் இல்லாதவர்களையும் தேட வேண்டும். ஷோப்பி, லசாடா மாதிரி ஆன்லைன் கடைகளில், ஃபேஸ்புக்கில், கடைத்தெருவில் அலமாரி அலமாரியாக. பட்டர்வொர்த் அக்கா மாதிரி பதியாமல் பல வருடம் விற்கும் ஒருவர் இருந்தால், பதிந்த பிறகும் உங்களுக்குத் தலைவலிதான். அதைவிட, அப்படிப்பட்ட ஒருவரின் பெயரைத் தெரிந்தே எடுப்பது பாவம்.

வகுப்பில் நான் செய்த தவறு

உலகத்தில் உள்ள பொருள்கள், சேவைகள் எல்லாவற்றையும் நீஸ் வகைப்பாடு 45 வகுப்பாகப் பிரிக்கிறது. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நீங்கள் விண்ணப்பிக்கும் வகுப்புக்கும், அதில் நீங்கள் எழுதும் பொருள்களுக்கும்தான் பதிவு.

என் அச்சுக்கூடத்தின் பெயரைப் பதிந்தபோது, நான் விற்பது லேபிளும் ஸ்டிக்கரும்தானே என்று 16ஆம் வகுப்பில் போட்டேன். 16 அச்சிட்ட பொருள்களுக்கானது. என் பெயரில் நான் லேபிள் விற்பதில்லை. அடுத்தவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிறேன். அந்த வேலை 40ஆம் வகுப்பு. போட்ட விண்ணப்பத்தில் பின்னால் புது வகுப்பைச் சேர்க்க முடியாது. மறுபடி பணம் கட்டிப் புதிதாகத்தான் போட்டேன். அந்த இடைவெளியில் வேறு யாராவது முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

நம் ஆட்களுக்கு அடிக்கடி தேவைப்படுவதைச் சொல்கிறேன். கறித்தூள், மசாலா, சம்பல், காப்பி, தேயிலை, முறுக்கு எல்லாம் 30. ஊறுகாய், நல்லெண்ணெய், வறுத்த கச்சான் (நிலக்கடலை) 29. கறித்தூளும் ஊறுகாயும் விற்கிறவருக்கு இரண்டு வகுப்பு வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாப்பாட்டுக்கடை 43. பல கம்பெனிப் பொருள்களை வாங்கி விற்கும் கடை 35. ஊதுபத்தி 3, நகை 14, துணி 24, தைத்த உடை 25.

ஒரு வகுப்புக்கு விண்ணப்பக் கட்டணம் 950 வெள்ளி. அது மைஐபிஓ தயாராக வைத்திருக்கும் பட்டியலிலிருந்து பொருள் பெயர்களைத் தேர்ந்தெடுத்தால். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் 1,100 வெள்ளி. பட்டியலில் உங்கள் பொருள் பெரும்பாலும் இருக்கும், நிதானமாகத் தேடுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்பு போடலாம், ஆனால் கட்டணம் வகுப்புக்கு வகுப்பு சேரும். பணம் குறைவாக இருந்தால் இன்றைக்கு உண்மையில் விற்கும் பொருளின் வகுப்பை மட்டும் போடுங்கள். எப்போதோ திறக்கப் போகும் சாப்பாட்டுக்கடைக்காக இன்றைக்கு 950 வெள்ளி வேண்டாம்.

யார் பெயரில் பதிவது என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கூட்டாளிகள் இரண்டு பேர் என்றால் ஒருவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு நம்பிக்கையில் ஓட்ட வேண்டாம். சென்டிரியான் பெர்ஹாட் இருந்தால் அதன் பெயரில் போடுவதே என் யோசனை. பின்னால் பெயரை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

தமிழ் எழுத்தா, ரோமன் எழுத்தா

தமிழ் எழுத்தில் உள்ள பெயரைத் தாராளமாகப் பதியலாம். உச்சரிப்பை ரோமன் எழுத்திலும், அர்த்தத்தை மலாய் அல்லது ஆங்கிலத்திலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எது? எனக்குத் தமிழ் எழுத்து என்றால் உயிர். பாக்கெட்டில் தமிழைச் சின்னதாகப் போடச் சொன்னால் நானே சண்டை போடுவேன். ஆனாலும் முதலில் ரோமன் எழுத்தில், அலங்காரம் இல்லாத வெறும் சொல்லாக, கறுப்பு வெள்ளையில் பதியுங்கள் என்றுதான் சொல்கிறேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் உங்கள் சம்பலை வாங்கும் மலாய்க்காரரும் சீனரும் அதைத்தான் படிக்கிறார்கள். காப்பியடிக்கிறவரும் அதைத்தான் காப்பியடிப்பார். படமும் எழுத்தும் சேர்த்து ஒரே லோகோவாகப் பதிந்தால், லோகோவை மாற்றும்போது பதிவும் பயன்பாடும் விலகிப் போகும். வெறும் சொல் என்றால் நாளைக்கு எந்த ஃபாண்டில் அச்சடித்தாலும் உங்களுடையதுதான். அடுத்த வருடம் கையில் காசு வந்ததும் தமிழ் எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று போடுங்கள்.

போட்ட பிறகு என்ன நடக்கும்

விண்ணப்பம் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பெட்டாலிங் ஜெயாவுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. மலேசியாவில் இருக்கிறவர் தானே போடலாம், ஏஜெண்ட் கட்டாயமில்லை. தேடலில் எதுவும் தட்டுப்படவில்லை, பொருளும் எளிது என்றால் நீங்களே போடுங்கள். ஒத்த பெயர் ஏதாவது கண்ணில் பட்டால் தொடக்கத்திலேயே ஒரு பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜெண்டிடம் போய்விடுங்கள்.

அதிகாரி பரிசீலித்து, ஆட்சேபம் இருந்தால் தற்காலிக மறுப்பு என்று கடிதம் வரும். அதைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. பொருள் பட்டியலைச் சுருக்கலாம், உங்கள் பெயர் எப்படி வேறுபடுகிறது என்று எழுதலாம். கெடு தேதியை மட்டும் விட்டுவிடக் கூடாது. இந்த இடத்தில் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

ஏற்றுக்கொண்டால் அதிகாரபூர்வ இதழில் வெளியிடுவார்கள். அதிலிருந்து 2 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யாரும் தெரிவிக்காவிட்டால் பதிவு. விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருடம் செல்லும். அப்புறம் 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம், முடிவே இல்லாமல். இதழில் உங்கள் பெயரும் முகவரியும் வெளியானதும் பில் மாதிரியே ஏதாவது கடிதம் வரலாம். சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று எனக்கு வந்தது. முத்திரை எல்லாம் போட்டு அசல் அரசாங்கக் கடிதம் மாதிரியே இருந்தது. மைஐபிஓ தளத்துக்குள் காட்டாத எந்தப் பணத்தையும் கட்டாதீர்கள்.

பாக்கெட்டில் டிஎம் என்ற எழுத்தை இன்றைக்கே போடலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் பதிவு கிடைத்த பிறகுதான் போட வேண்டும். பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம். எத்தனை கெஞ்சினாலும் பதிவு எண் பார்க்காமல் அந்த வட்டத்தை நான் அச்சடிப்பதில்லை.

காப்பியடித்தால்

முதலில் வாங்குங்கள். அந்தப் போலி பாக்கெட்டை ரசீதோடு வாங்கி, தேதி எழுதி வையுங்கள். ஆன்லைன் என்றால் பக்கத்தைப் படம் பிடியுங்கள். கோபத்தில் போன் போட்டுத் திட்டினால் மறுநாள் சரக்கு மறைந்துவிடும். ஷோப்பி, லசாடாவில் பதிவு விவரத்தோடு புகார் கொடுத்தால் விற்பனைப் பக்கத்தை இறக்குவார்கள். கடைகளில் விற்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். பதிந்த சின்னத்தைப் போலியாகச் செய்தால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் வழக்கு. எச்சரிக்கைக் கடிதத்தை வக்கீல் எழுதட்டும். ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் உங்கள் மேல் வழக்குப் போடவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி இல்லாத சின்னம் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ லேபிள் அச்சடித்துக் கொடுத்தால் அச்சடித்தவரும் அத்துமீறலில் சேர்த்தி. "அந்தக் கம்பெனி பாக்கெட் மாதிரியே வேணும் அண்ணே" என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

பெரிய கம்பெனி நோட்டீஸ் விட்டாலே தோல்விதான் என்றும் நினைக்க வேண்டாம். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999இல் தொடங்கிய மெக்கறி சாப்பாட்டுக்கடை எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். பெயரின் முன்பகுதி தங்களுடையது என்று மெக்டொனால்ட்ஸ் 2001இல் வழக்குப் போட்டது. 2006இல் உயர்நீதிமன்றத்தில் மெக்கறி தோற்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே வருடம் செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளியது. இந்தியச் சாப்பாடு, வேறு மாதிரிப் பெயர்ப்பலகை, யாரும் குழம்ப மாட்டார்கள் என்பதுதான் மெக்கறி பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஜெயிக்க 8 வருடம் ஆயிற்று. வீட்டில் கறித்தூள் அரைத்து விற்கும் ஒருவரால் 8 வருடம் கோர்ட்டில் நிற்க முடியுமா? அதனால்தான் முதலில் தேடுங்கள், முதலில் பதியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லை தாண்டினால்

மலேசியப் பதிவு மலேசியாவுக்கு மட்டும். சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினால் அங்கே தனியாகப் பதிய வேண்டும். இங்கே விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் அங்கே போட்டால், இங்கே போட்ட தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். மலேசியா 2019 கடைசியிலிருந்து மாட்ரிட் புரோட்டோகால் என்ற உடன்படிக்கையில் இருக்கிறது, சிங்கப்பூரும் இந்தியாவும் அதில் உண்டு. மைஐபிஓ வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிக்கலாம். முதல் 5 வருடத்துக்குள் மலேசியப் பதிவு விழுந்தால் மற்ற நாடுகளில் கேட்டதும் சேர்ந்து விழும் என்பதால், வீட்டுப் பதிவு உறுதியானதா என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.

பதிந்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. தொடர்ந்து 3 வருடம் பயன்படுத்தாத சின்னத்தை நீக்கச் சொல்லி, அதனால் பாதிக்கப்பட்டவர் உயர்நீதிமன்றம் போகலாம். அதனால் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பில், ஒவ்வொரு வருடமும் சில பில்கள், பாக்கெட்டின் ஒவ்வொரு வடிவத்திலும் ஒன்று, தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் போட்ட கடையின் படம், விளம்பரத் துண்டு. ரசீதுத் தாளில் மை மங்கிவிடும், நகல் எடுத்து வையுங்கள். அக்காவின் பாக்கெட்டுகளை வெட்டிய பிறகு நானும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அச்சேறும் ஒவ்வொரு லேபிளுக்கும் இரண்டு புரூஃப் எடுத்து, தேதி முத்திரை குத்தி, ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்து, ஒன்றை என் அலமாரியில் போடுகிறேன். பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்த அக்காவின் புது லேபிள்தான் அந்த அலமாரியில் முதல் தாள். விண்ணப்ப எண்ணை அவரே பேனாவால் அதன் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.